கோயில் கட்டில்

ஒரு படுக்கை விரிப்பைக் கையில் எடுத்தால் அதில் படுத்தவரைப் பற்றிப் பாதிக் கதையை நோட்டக்கா சொல்லிவிடுவாள். பதினெட்டு வருஷமாகச் சலவைக்கடையில் நிற்கிறவள். விடுதியிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து விழும். தூக்கம் வராமல் புரண்டவரின் விரிப்பு நடுவில் கயிறாக முறுக்கியிருக்கும். ஒருக்களித்தே படுப்பவருக்கு ஒரு பக்கம் மட்டும் நைந்திருக்கும். மாசக்கணக்கில் படுத்தே கிடப்பவர்களின் விரிப்பில் தலைமாடு எப்படி இருந்தாலும் கால்மாடு மட்டும் பளிச்சென்று இருக்கும். தரையில் படாத பாதத்துக்கு அழுக்கு எங்கிருந்து வரும்?

அதனால்தான் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்க இரண்டு வாரம் இருக்கையில், சொந்த வீட்டு விரிப்பை உதறியவள் உதறிய கையோடு நின்றுவிட்டாள். கால்மாட்டில் சாம்பல் நிறத்தில் இரண்டு பாதம் அளவுக்குக் கறை. அடுப்படி சிமெண்டுத் தரையின் தூசு. அவள் புருஷன் தரையில் கால் வைத்து நடந்து பத்து மாசம் ஆகியிருந்தது.

விரிப்பை யாரும் பார்க்காமல் மற்ற துணிகளுக்கு அடியில் திணித்தாள். மறுநாள் கடைக்குப் போனதும் முதலில் அதைத்தான் துவைத்தாள். அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று தொடங்கியதுதான் அவளுக்கு இந்த இருப்புக்கொள்ளாமை. உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துவிடுவாள். பூசையில் மண்டியிட்டிருக்கும்போது அடுப்பை அணைத்தோமா என்று யோசிப்பாள். அடுப்பெல்லாம் அணைந்துதான் இருக்கும். அணையாதது வேறு.

அவள் புருஷன் பெயிண்டர். ஊரில் வேறு பெயிண்டர்கள் இருந்தாலும் கோயிலில் பெயிண்டர் என்றால் அவன்தான். போன தவக்காலத்தில், ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்னால், பீடத்துக்குப் பின்சுவருக்கு ஏணி போட்டு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். கீழே ஏணியைப் பிடித்தபடி மணியண்ணன். அவர் பெயர் மணியெல்லாம் இல்லை. இருபத்தாறு வருஷமாகக் கோயில் மணியை அடிப்பதால் வந்த பெயர். காலை, நண்பகல், மாலை, ஒரு வேளை தப்பியதில்லை. காய்ச்சலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போய்ப் படுத்தவர்.

அன்றும் பன்னிரண்டு ஆனது. மணியண்ணனின் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஏணியை விட்டுவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல நடந்துபோய்க் கயிற்றைப் பிடித்தார். மூன்றாவது அடி அடிக்கும்போதுதான் உள்ளே அந்தச் சத்தம் கேட்டது. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்து பெயிண்டர் தரையில் கிடந்தான். சுவரில், மேல் மூலையில், ஒரு ஜன்னல் அளவுக்கு அடிக்காத இடம் அப்படியே நின்றுபோனது. வேறு ஆளை விட்டு அதை அடிக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் மொத்தக் கோயிலும் சாமியைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்தப் பழுப்பு இடத்தைத்தான் பார்த்தது.

மணியண்ணன் அன்றோடு நண்பகல் மணியை விட்டுவிட்டார். காலையும் மாலையும் அடிப்பார். பன்னிரண்டுக்குக் கயிறு பக்கமே போகமாட்டார். பெயிண்டர் எழுந்து நடக்கும்வரை அந்த மணி கிடையாது என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டார். அந்த மணியை வைத்துச் சோறு தின்ற சலவைக்கடைப் பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு செல்போனைப் பார்த்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள். மணியண்ணன் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தைலப் புட்டியோடு பெயிண்டர் வீட்டுக்கு வந்தார். காலைப் பிடித்துவிட்டார், தூக்கி உட்காரவைத்தார், முகம் மழித்துவிட்டார். பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது.

எலும்பு கூடிவிட்டது, இனி நடந்து பழக வேண்டியதுதான் என்று வருஷக் கடைசியில் டாக்டர் சொன்னார். ஒரு தடவை நிற்கவைத்துப் பார்த்தார்கள். பெயிண்டர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பாவம், படுத்தாதீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதோடு விட்டார்கள்.

இந்தச் சின்னக் கோயிலுக்குப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுதான் உண்டு, இரவல் அறை. பக்கவாட்டில், பழைய பெஞ்சுகள் கிடந்த அறை. நோயாளிகளுக்கு இரவலாகக் கொடுக்கச் சக்கர நாற்காலி இரண்டு, நடைச்சட்டம் நான்கு, ஊன்றுகோல் ஒரு கட்டு, அப்புறம் ஒரே ஒரு கட்டில். கால்மாட்டில் உள்ள பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும் ஆஸ்பத்திரிக் கட்டில். எந்தப் பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்று நோட்டில் எழுதிவைப்பது அவள் வேலை. நோட்டக்கா என்ற பெயர் அப்படி வந்தது.

இரவல் அறைக்கு ஒரு முறை உண்டு. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று வெளியே போன அத்தனை பொருளும் கோயிலுக்குத் திரும்ப வேண்டும். பீடத்துக்கு முன்னால் வரிசையாக வைத்து, ஜெபம் சொல்லி மந்திரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, யாருக்கு அதிகம் தேவையோ அந்த வீட்டுக்கு அன்றே போகும். பழைய வீட்டுக்கே தேவை என்றால் அங்கேயே திரும்பும். ஆனால் ஒரு தடவை வந்துதான் போக வேண்டும். ‘என்னுடையது’ என்ற நினைப்பு யாருக்கும் வந்துவிடக் கூடாது என்று பழைய ஃபாதர் யாரோ வைத்த ஏற்பாடு. அன்று நாற்காலி இல்லாதவர்கள் இரண்டு மணி நேரம் வீட்டில் சுவரில் சாய்ந்து காத்திருப்பார்கள், முணுமுணுக்கமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கு நான்கு நாள் இருக்கும்போது, சலவைக்கடையில் டெய்லரம்மாவின் தங்கச்சியும் நோட்டக்காவும் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து, உதறி, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்துவந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். இயந்திரங்களின் இரைச்சலில் தள்ளி நின்றால் பேச்சுக் கேட்காது. கிட்டே வரும்போது ஒரு வாக்கியம், விலகினால் மௌனம், மறுபடி ஒரு வாக்கியம்.

“அக்கா, எங்கக்கா இன்னிக்கு விடியக்காலம் மறுபடி விழுந்துட்டா.”

விலகினார்கள். உதறினார்கள். வந்தார்கள்.

“மேசையிலேருந்தா?”

“ஆமாக்கா. வெட்டுற மேசையிலேருந்துதான்.”

டெய்லரம்மா மாடிப்படியில் வழுக்கி இடுப்பு ஒடிந்து இரண்டு மாசமாகிறது. வீடும் கடையும் ஒரே அறை. தரையில் படுத்தால் எழுப்ப முடியவில்லை என்று துணி வெட்டுகிற மேசையிலேயே மெத்தை போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள்.

“இப்ப ரெண்டு பக்கமும் நாற்காலி போட்டுக் கட்டி வெச்சிருக்கேன். ராணி மாதிரி படுத்திருக்கேன்டீன்னு சிரிக்கிறா. சிரிச்சுக்கிட்டே அழறா.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“தலைப்பக்கம் தூக்குற மாதிரி கட்டில் வேணுமாம். இல்லேன்னா நெஞ்சுல சளி கட்டிக்குமாம்.” இந்தத் தடவை அவள் விலகவில்லை. விரிப்பு இருவருக்கும் நடுவில் தொங்கியது. “கோயில் கட்டிலைக் கேக்கலாமான்னேன். அக்கா என்னை அடிக்காத குறை. பெயிண்டர் தம்பி படுத்திருக்கிற கட்டிலைக் கேக்கிற அளவுக்கு நான் ஈவு இரக்கம் இல்லாதவளான்னு கத்துறா. நான் அதைக் கேக்கலக்கா, சத்தியமா. வேற கட்டில் எதாவது இருக்கான்னு நோட்டுல பாருங்களேன்.”

“பாக்கறேன்” என்றாள் நோட்டக்கா. நோட்டைப் பார்க்க என்ன இருக்கிறது? கட்டில் என்ற தலைப்பில் ஒரே ஒரு வரிதான் உண்டு, அந்த வரியில் அவள் வீடு இருந்தது. அன்று அவள் மடித்த விரிப்புகளில் பாதி கோணலாகப் போனதென்று மேற்பார்வைக்காரர் திட்டினார்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் இரவல் அறையில் கூடினார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் சூப், ஒரு துண்டு ரொட்டி, கையில் துடைக்கும் துணி. ஃபாதர் அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு, யாரும் இரவல் வாங்காமல் நின்ற சக்கர நாற்காலியின் கம்பிகளைத் துடைத்தார். மணியண்ணன் தன் சூப்பைத் தனியாக வைத்துக் குடித்தார். பெயிண்டர் எழும்வரை உப்பை விட்டிருந்தார், இந்தத் தவக்காலத்தில். அவர் மட்டுமா? பெயிண்டர் பெயரைச் சொல்லி ஒருவர் சர்க்கரையை விட்டிருந்தார், ஒருவர் புகையை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், அவன் விழுந்ததிலிருந்தே, புதன்தோறும் தான் சாப்பிடாமல் தன் பங்குச் சூப்பைப் பெயிண்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார். எல்லோரும் அவரைச் சூப்பு டீச்சர் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“ஞாயித்துக்கிழமை எல்லாம் வந்துடும். கட்டில்?” என்று ஃபாதர் கேட்டார். கேட்ட பிறகுதான் யாருடைய கட்டில் என்று ஞாபகம் வந்ததுபோல நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அதை மட்டும் விட்டுடலாம், ஃபாதர். அந்தப் பிள்ளையைப் போய்க் கீழ இறக்கிக்கிட்டு…” என்றார் சூப்பு டீச்சர்.

மணியண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அந்தக் கட்டில் அந்த வீட்டை விட்டு நகரக்கூடாது. நகர்த்துறதா இருந்தா மொதல்ல என்னைத் தூக்கி வெளியில போட்டுட்டு நகர்த்துங்க.”

“டெய்லரம்மா மேசையில படுத்திருக்காங்க” என்றாள் நோட்டக்கா.

“தெரியும்மா. இன்னொரு கட்டிலுக்கு எழுதிப் போட்டிருக்கேன். வரும்” என்றார் ஃபாதர். எப்போது வரும் என்று அவர் சொல்லவில்லை.

“அதுவரைக்கும் அவங்க இன்னும் எத்தனை தடவ விழணும்?”

அவள் குரல் அவளுக்கே கூடுதலாகக் கேட்டது. துடைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. அவர்கள் முகங்களைப் பார்த்தாள். கெட்டவர் என்று சொல்ல ஒரு முகம்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எல்லோரும் சேர்ந்து அன்பாகப் பிடித்து அழுத்தித்தான் அந்த மனுஷனைப் படுக்கவைத்திருக்கிறார்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அழுத்திய கைகளில் தன்னுடையதும் ஒன்று என்பதால் கத்தவில்லை.

“ஞாயித்துக்கிழமை எங்க கட்டில் வரும். முறைன்னா எல்லாருக்கும் முறைதான்” என்றாள்.

“அப்ப தம்பி எங்க இருப்பார்?” என்றார் மணியண்ணன்.

“ரெண்டு மணி நேரம் நாற்காலியில இருக்கட்டும்.”

“நான் வந்து தூக்கி உக்கார வெக்கறேன்.”

“வேணாம்ணே. நான் பாத்துக்கறேன்” என்றாள். கிண்ணங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். கழுவிய கிண்ணங்களையே இரண்டாம் தடவையும் கழுவினாள்.

சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்தாள். ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஏழு வாரமாக அவள் வீட்டுக்கு வருகிற விதமே மாறிப்போயிருந்தது. தெருமுனையிலேயே இருமத் தொடங்குவாள். வாசலில் செருப்பைத் தேய்ப்பாள். சாவியை இரண்டு தடவை கீழே போட்டு எடுப்பாள். அப்படியும் பூட்டு திறக்கவில்லை என்று தனக்குத்தானே சலித்துக்கொள்வாள். கதவைத் திறந்தால் அவன் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். “வந்துட்டியா?” என்பான். “வந்துட்டேன்” என்பாள். கட்டிய பெண்டாட்டி சொந்த வீட்டுக்குள் இப்படித் தண்டோராப் போட்டுக்கொண்டு நுழைந்த கதை வேறெங்கும் நடந்திருக்காது.

அன்று இருமவில்லை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சாவி ஓசையில்லாமல் திரும்பியது.

அவன் அடுப்படியில் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். ஒரு கை மேடையில் ஊன்றியிருந்தது, மறுகையில் கரண்டி. இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தான். கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் முதுகை நேராகப் பார்க்கிறாள். இவ்வளவு உயரமா இவன் என்று ஒரு கணம் தோன்றியது.

காற்று மாறியதோ என்னவோ, திரும்பினான். கட்டில் ஆறடி தள்ளி இருந்தது. அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கையிலிருந்த செருப்பைப் பார்த்தான்.

“இன்னிக்கு இருமலியே நீ” என்றான்.

அவள் கதவைச் சாத்தினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“சளியே இல்லாம ஏழு வாரம் இருமுறவளை நான் பாத்ததில்ல.”

செருப்பை எறிந்தாள். அது அவன்மேல் படாமல் சுவரில் பட்டு விழுந்தது. அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரித்துக்கொண்டே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அது அழுகையாக மாறிவிட்டது. அவன் அடுப்பை அணைத்தான். மேடையைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, கட்டில் கம்பியைப் பிடித்து மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பொய்க்குப் படுத்திருந்தவன் உண்மையிலேயே விந்தித்தான் நடந்தான்.

“ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் நெனச்சேன். மொத நாள் ஜன்னல் வரைக்கும் போயிட்டு வந்தேன். நீ வந்ததும் சொல்லணும்னு ஒக்காந்திருந்தேன். டீச்சர் வந்துட்டாங்க, சூப்போட. பசி வேற. குடிச்சுட்டேன். குடிச்சு முடிச்சுட்டு, டீச்சர் நான் நடக்கறேன்னு எப்படிச் சொல்றது?”

“மறுநாள் சொல்லியிருக்கலாம்ல?”

“மறுநாள் மணியண்ணன். காலைப் புடிச்சுக்கிட்டு அழறார். அதுக்குள்ள சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிடுச்சு. ஆளாளுக்கு என் பேரச் சொல்லி ஒண்ணொண்ணா விட்டுட்டாங்க. இத்தனை பேர் வாயக் கட்டிக்கிட்டு ஜெபம் பண்றாங்க. நான் அதுக்கு முன்னாடியே எழுந்துட்டேன்னா அவங்க என்ன ஆவாங்க?”

“அதுவா காரணம்?” என்றாள். “எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?”

அவன் தன் பாதங்களைப் பார்த்தான். அடியில் தூசு ஒட்டியிருந்தது.

“ஏணிதான்” என்றான் கடைசியில். “நான் எழுந்துட்டேன்னு தெரிஞ்சா எல்லாரும் அந்தச் சுவரைப் பாப்பாங்க. ஒண்ணும் கேக்கமாட்டாங்க, பாப்பாங்க. அதுல நான் ஏறணும். ஏணியை நெனச்சாலே எனக்கு ரெண்டு காலும் துணி மாதிரி ஆயிடுது. படுத்திருந்தா நோயாளி. எழுந்துட்டு ஏறமாட்டேன்னா நான் யாரு? ஏணி ஏறாத பெயிண்டர்னு யாராவது கேள்விப்பட்டிருக்காங்களா?”

அவளுக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஏழு வாரம் தேடிக்கொண்டிருந்த காரணம் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு பயந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

“டெய்லரம்மாவுக்கு இடுப்பு ஒடஞ்சிருக்கு, தெரியும்ல?” என்றாள்.

“சொன்னாங்க. ஆஸ்பத்திரியில இருக்காங்களா?”

“வெட்டுற மேசையில இருக்காங்க. ரெண்டு தடவ விழுந்துட்டாங்க. உங்க கட்டிலைக் கேக்கக் கூடாதுன்னு தங்கச்சியைத் திட்டியிருக்காங்க.”

“எந்த மேசை? கடையில வாசலைப் பாத்துப் போட்டிருக்குமே, அதா?”

“அதேதான்.”

அந்த மேசைக்குப் பச்சை அடித்தவன் அவன்தான். ஒரு ஆள் புரண்டால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று அவனுக்குக் கணக்கு தெரியும். பிறகு குனிந்து, கட்டில் காலை நகத்தால் சுரண்டினான். துரு உதிர்ந்தது.

“இப்படியேவா குடுப்பே?”

“எப்படி?”

“நாலு காலும் துருவாக் கெடக்கு. வருஷா வருஷம் நான்தானே அடிப்பேன். வெள்ளை டப்பாவை எங்க வெச்சே?”

மெத்தையை இறக்கித் தரையில் போட்டார்கள். அவன் கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தான். உப்புத்தாளால் துருவைத் தேய்த்தான், துடைத்தான், வெள்ளை அடித்தான். கை மறக்கவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை. நடுவில் ஒரு தடவை விசில் அடித்தான், தவக்காலம் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான். அவன் பொரித்து வைத்த முட்டையை அவள் ஆறிப்போனபடியே ரொட்டியில் வைத்து அவனுக்கு ஊட்டினாள். அவன் கை ஓயவில்லையே.

ஐந்து மணிக்கு மணியண்ணன் தைலப் புட்டியோடு வந்துவிட்டார். அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

“இன்னிக்கு வேணாம்ணே. அசந்து தூங்கறார்.”

அவர் அவளைப் பார்த்தார். மூக்கை லேசாக உறிஞ்சினார். பெயிண்ட் வாசனை தெருவரைக்கும் வந்துகொண்டிருந்தது.

“சரி, தங்கச்சி” என்றார். குனிந்து தைலப் புட்டியை வாசற்படியில் வைத்தார். “இது இங்கயே இருக்கட்டும். இனிமே தம்பியே தேய்ச்சுக்குவார்.” திரும்பிப் பார்க்காமல் போனார். அவள் புட்டியைக் கையில் எடுத்தபடி, அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தபடி நின்றாள்.

ஞாயிறன்று கோயிலில் புனிதர்களின் சுரூபங்களுக்கெல்லாம் தவக்கால வழக்கப்படி ஊதாத் துணி போர்த்தியிருந்தது. பீடத்துக்கு முன்னால் சக்கர நாற்காலிகளும் நடைச்சட்டங்களும் வரிசையாக நின்றன. கட்டிலுக்கு விட்ட இடம் காலியாக இருந்தது. ஃபாதர் ஊதா அங்கியில் வந்து நின்று முதல் ஜெபத்தைத் தொடங்கும்போது, வாசலில் இரும்புச் சக்கரம் கிறீச்சிட்டது.

முதலில் நோட்டக்கா தெரிந்தாள், கட்டிலின் கால்மாட்டைத் தூக்கிப் பிடித்துப் பின்னோக்கி நடந்துவந்தாள். அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் ஓடாது. அப்புறம் கட்டில். அப்புறம் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, பாதி அதன்மேல் சாய்ந்தும் பாதி நிமிர்ந்தும், பெயிண்டர்.

“ஆண்டவரே!” என்று சூப்பு டீச்சர் அலறிவிட்டு மண்டியிட்டார். பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் மண்டியிட்டார்கள். யாரோ உரக்க அழுதார்கள். “அற்புதம், அற்புதம்” என்று ஒரு குரல் கிளம்பியது, நாலு குரல் சேர்ந்துகொண்டன. ஃபாதருக்கே கண் கலங்கிவிட்டது. கயிற்றுக்குப் பக்கத்தில் மணியண்ணன் மட்டும் மண்டியிடாமல் நின்றார்.

நோட்டக்கா கால்மாட்டை இறக்கிவைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். இப்போது பேசாமல் இருந்துவிட்டால் போதும். அற்புதமாகவே இருந்துவிட்டுப் போகும். யாருக்கும் நஷ்டமில்லை, டெய்லரம்மாவுக்குக் கட்டிலும் போய்ச் சேரும். அந்த ஆசை அவளுக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். அவன் முகத்திலும் அது ஒரு நொடி வந்து போனதை அவள் பார்த்தாள்.

“எல்லாரும் எழுந்திருங்க” என்றான் அவன். “தயவுசெஞ்சு எழுந்திருங்க. அற்புதமெல்லாம் இல்ல. நான் ரெண்டு மாசமா நடக்கறேன். வீட்டுக்குள்ளயே. உங்க யார்கிட்டயும் சொல்லல.”

அழுகை பாதியில் நின்றது. முழங்காலில் இருந்தவர்களுக்கு எழுவதா இருப்பதா என்று தெரியவில்லை.

“ரெண்டு மாசமாவா?” என்றார் சூப்பு டீச்சர். “அப்ப என் சூப்பு?”

“குடிச்சேன் டீச்சர். நின்னுக்கிட்டே கூடக் குடிச்சிருக்கேன்.”

“நான் சர்க்கரையை விட்டேன்யா ஒனக்காக” என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவர் கத்தினார். கோயில் சலசலத்தது. அவன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“தப்புதான். பயந்துட்டேன். இன்னொண்ணும் இப்பவே சொல்லிடறேன். அந்தச் சுவருக்கு வேற ஆளைப் பாருங்க. நான் இனிமே ஏணி ஏறமாட்டேன். தரையில நின்னு அடிக்கிறது எதுன்னாலும் அடிக்கறேன். ஏணி மட்டும் என்னால முடியாது.”

“எனக்கும் தெரியும்” என்றாள் நோட்டக்கா. “ஏழு வாரமா. நானும் சொல்லல.”

எல்லோரும் அவளைப் பார்த்துத் திரும்பும்போதே கயிற்றுப் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது. “எனக்கும்.”

மணியண்ணன் நடுவழியில் வந்து நின்றார். “தெனமும் காலைப் புடிச்சுவிடறவன் நான். சும்மாக் கெடக்கிற காலுக்கும் நடந்துட்டு வந்து படுத்த காலுக்கும் வித்தியாசம் என் கைக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அமுக்கிட்டேன், ஃபாதர். அவர் எழுந்துட்டா அப்புறம் அஞ்சு மணிக்கு நான் எங்க போவேன்? நான் செஞ்சதுக்கு என்னத்தைச் செஞ்சு தீத்துக்குவேன்?”

ஃபாதர் கோயிலை ஒரு சுற்றுப் பார்த்தார். “இன்னும் யாருக்காவது தெரியுமா?” என்றார். அவர் நிஜமாகத்தான் கேட்டார். எங்கோ ஒரு பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு இரண்டு பெஞ்சு தாண்டியது. சர்க்கரைக்காரர் மட்டும் கடைசிவரை முறைத்துக்கொண்டே இருந்தார், அவருக்கு அதற்கு உரிமையும் உண்டு.

ஃபாதர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். பொருள்களை மந்திரித்தார். துடைத்து, எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாக வீடுகளுக்கு அனுப்பி முடிக்கையில் பதினொன்றரை ஆகிவிட்டது. கட்டிலைத் தொட்டவர்களின் கையெல்லாம் வெள்ளையானது. அடிப்பாகம் இன்னும் காய்ந்திருக்கவில்லை. நோட்டக்கா நோட்டில் தன் வீட்டை அடித்துவிட்டுக் கீழே டெய்லரம்மா வீடு என்று எழுதினாள். அடுத்த புதன் சூப் எந்த வீட்டுக்கு என்று டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டார், அதையும் சொன்னாள்.

டெய்லரம்மா வீடு கோயிலுக்கு எதிர்த் தெருவில்தான். வாசலில் நாலு படி. அதுவரை தள்ளிக்கொண்டு வந்தாயிற்று. இனித் தூக்க வேண்டும். மேலே தலைமாட்டைப் பெயிண்டரும், கீழே கால்மாட்டை மணியண்ணனும் பிடித்தார்கள். வேண்டாம் என்று எவ்வளவு சொன்னாலும் பெயிண்டர் கேட்கவில்லை. நோட்டக்கா மெத்தையைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நின்றாள். இரண்டு படி ஏறினார்கள். மூன்றாவது படியில் பெயிண்டர் நின்று மூச்சு வாங்கினான்.

மணியண்ணனின் முகம் கோயில் பக்கம் திரும்பியது. கோபுரத்துக்குக் கீழே இருந்த கடிகாரத்தில் இரண்டு முள்ளும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

“அண்ணே, பன்னண்டு” என்றான் பெயிண்டர்.

“தெரியும்.”

“போய் அடிங்க. நான்தான் நடந்துட்டேனே.”

“கட்டிலை உள்ள வெச்சுட்டுப் போறேன்.”

“அதுக்குள்ள நேரம் தப்பிடும்.”

“தப்பட்டும்” என்றார் மணியண்ணன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “ஒரு தடவ விட்டுட்டுப் போனது போதும் தம்பி. நான் விடமாட்டேன்.”

பெயிண்டர் மேலிருந்து அவரைப் பார்த்தான். வியர்வை அவன் கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையில்லை.

“அன்னிக்குச் சொல்லாம விட்டீங்கண்ணே. இன்னிக்குச் சொல்லிட்டு விடுங்க.”

நோட்டக்கா மெத்தையைப் படியில் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். அவர் கைக்குப் பக்கத்தில் தன் கைகளை வைத்துக் கம்பியைப் பிடித்தாள்.

“நான் புடிச்சுட்டேன்ணே” என்றாள்.

“பாரம், தங்கச்சி.”

“தெரியும். விடுங்க.”

“விடட்டுமா?” என்று மேலே பார்த்துக் கேட்டார்.

“விடுங்க” என்றான் பெயிண்டர்.

அவர் ஒரு கையை எடுத்தார். அப்புறம் மறுகையை. பாரம் முழுவதும் அவள் தோளில் வந்து இறங்கியது, முழங்கால் ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது. மணியண்ணன் நாலடி பின்னாலேயே நடந்தார், அவர்களைப் பார்த்தபடி. அப்புறம் திரும்பி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது.

“என்ன, வாசல்லயே நின்னுட்டீங்க?” என்று உள்ளே மேசையிலிருந்து டெய்லரம்மா கேட்டாள்.

“இருங்கக்கா, வந்துட்டோம்” என்றாள் நோட்டக்கா. ஈரப் பெயிண்ட் உள்ளங்கையில் வழுக்கியது. இன்னும் அழுத்திப் பிடித்தாள். கட்டிலுக்கு மேலாக அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது. ஒரு வருஷமாகக் கேட்காத நண்பகல் மணி. முதல் அடி கொஞ்சம் கோணலாக விழுந்தது.

“இப்பத் தூக்கு” என்றான் அவன்.

தூக்கினாள்.